பொஸ்பேட் குளிசையை எப்போது விழுங்குவது?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. வாரத்தில் மூன்று நாட்கள் டயலிசிஸ் செய்கிறார். இரத்தத்தில் பொஸ்பேட் என்ற தாதுப்பொருளைக் குறைப்பதற்குச் செவலமர் குளிசையை வேளைக்கு இரண்டு வீதம் மூன்று வேளையும் சாப்பாட்டோடு எடுக்கும்படி வைத்தியர் சொன்னார். அவரோ விடிந்ததும் வெறுவயிற்றில் ஆறையும் ஒன்றாக விழுங்கிவிடுகிறார். மலச்சிக்கல் வந்தால் நாட்கணக்கில் நிறுத்தியும் விடுகிறார். கடைசிப் பரிசோதனையில் பொஸ்பேட் 7.2 (mg/dL) என்று வந்தது. இரவெல்லாம் உடம்பைச் சொறிகிறார். இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறதுதானே, இந்தக் குளிசையும் வேண்டுமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கட்டாயம் வேண்டும், சகோதரி. உடலிலுள்ள பொஸ்பேட்டின் பெரும்பகுதி எலும்பிலும் உயிரணுக்களுக்குள்ளும் இருப்பதால், நான்கு மணி நேர டயலிசிஸில் இரத்தத்துக்கு வந்துசேரும் பங்கை மட்டுமே இயந்திரத்தால் எடுக்க முடிகிறது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 800 மில்லிகிராம் என்று வைத்தால், வாரத்துக்கு 2,400 வெளியேறும். சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவரின் குடல் அதே வாரத்தில் 4,000 மில்லிகிராம் அளவுக்கு உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சுவது நாளடைவில் இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியவும் எலும்பு வலுவிழக்கவும் காரணமாகிறது. அந்த மிச்சத்தைக் குறைக்கத்தான் இந்தக் குளிசை.

ஆனால் இது இரத்தத்தில் கலந்து வேலை செய்யும் மருந்தன்று. குடலில் உணவிலுள்ள பொஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுவதே இதன் வேலை. வெறுவயிற்றில் ஆறு குளிசை போட்டால், பிடிப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது. மத்தியானம் சோறும் மீன்குழம்பும் உள்ளே போகும்போது குளிசை இருக்காது. உங்கள் கணவர் மருந்தை எடுத்தும் அளவு இறங்காததற்கு இது முக்கிய காரணமாக இருக்கலாம். ஆகவே முதல் சில வாய் சாப்பிட்டதும் குளிசையை விழுங்கச் சொல்லுங்கள். செவலமரை மெல்லவோ பொடியாக்கவோ கூடாது. (இதே வேலைக்குத் தரப்படும் லந்தனம் குளிசையை மென்றுதான் சாப்பிட வேண்டும், கல்சியம் கார்பனேட் என்றால் இரும்புச்சத்துக் குளிசையோடும் தைரொய்ட் மருந்தான தைரொக்சினோடும் சேர்த்து எடுக்கக் கூடாது.) ஒரு வேளை தவறினால், அடுத்த வேளையில் இரட்டிப்பாக்க வேண்டாம்.

மலச்சிக்கல் இந்த மருந்தோடு அடிக்கடி வருவதுதான். அதைச் சொல்ல அவர் கூச்சப்படுகிறார் போலும். டயலிசிஸ் செய்பவர்களில் பொட்டாசியத்தின் ஒரு பங்கு மலத்தின் வழியாகவும் போவதால், மலச்சிக்கலை நீடிக்க விட்டால் அது இரத்தத்தில் தேங்கி இதயத்துக்கு ஆபத்தாகலாம். தண்ணீரை நிறையக் குடித்துச் சரிசெய்யவும் இவரால் முடியாது. குளிசையைத் தானாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொன்னால், மலமிளக்கி சேர்க்கவோ மருந்தை மாற்றவோ அவருக்கு வழியுண்டு. வீட்டில் மத்தியானச் சாப்பாடுதான் பெரியது என்றால் அதையும் சொல்லுங்கள். குளிசைகளை அதற்கேற்பப் பிரித்துத் தருவார்.

உணவில் நான் முதலில் நிறுத்தச் சொல்வது சொசேஜ், பதப்படுத்திய சீஸ், கோலா ஆகியவற்றை. பருப்பிலுள்ள பொஸ்பேட்டில் பாதியளவே உடம்பில் சேரும். தொழிற்சாலையில் சேர்க்கப்படும் பொஸ்பேட்டோ ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். பொதியின் பின்புறத்தில் 338 முதல் 341 வரை, அல்லது 450 முதல் 452 வரையான சேர்மான எண்கள் இருந்தால் அதை வாங்காதீர்கள். நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு தின்பதால் அதிலும் பொஸ்பேட் அதிகம், உப்பும் அதிகம். அதற்காக மீன், கோழி, முட்டையை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். டயலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் குறைந்தால் உடம்பு உருகிவிடும்; முட்டையின் வெள்ளைக்கரு அவருக்கு மிக நல்லது.

சொறிச்சலுக்குப் பொஸ்பேட் ஒரு காரணமாக இருக்கலாம். தோல் வறட்சி, டயலிசிஸ் போதாமை போன்றவையும் இருக்கலாம் என்பதால் அதைத் தனியாகக் காட்டுங்கள். 7.2 என்பது கவலைப்பட வேண்டிய அளவுதான், பொதுவாக 5.5க்குக் கீழே வைத்திருக்கவே முயல்வோம். அடுத்த இரத்தப் பரிசோதனை வரை குளிசையைச் சாப்பாட்டோடு ஒழுங்காக எடுக்கச் செய்து, அந்த முடிவோடு கிளினிக்குக்குப் போங்கள். அப்போதும் இறங்காவிட்டால், கல்சியத்தையும் பொஸ்பேட்டையும் கட்டுப்படுத்தும் பாராதைரொய்ட் ஹோர்மோனின் அளவையும் பார்த்து மருந்தின் அளவை வைத்தியர் முடிவு செய்வார்.