வாடகை வீட்டுச் சமையலறையில் ஒரே ஒரு பவர் பிளக்தான் இருக்கிறது. இன்டக்ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், கிரைண்டர் மூன்றையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணைக்கலாமா?

கூடாது. கிரைண்டரை வேண்டுமானால் இணைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கீழே சொல்லும் கோளாறு சரியான பிறகுதான். மற்ற இரண்டையும் அந்தப் பெட்டியில் செருகவே செருகாதீர்கள்.

ஆனால் என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது உங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரி: “கிரைண்டரைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது, பழைய வீடு என்பதால் அப்படித்தான் இருக்குமாம்.” யார் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்காரர்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கும் வீட்டு உரிமையாளர் ஒருவர்தான் சொன்னார்.

மதுரையில் வாடகைக்கு இருந்தோம். மாவு அரைபடும்போது ஓரத்தில் ஒட்டியதைத் தள்ளிவிடக் கை வைப்போம் அல்லவா, அப்போது எஃகுப் பாத்திரத்தின் விளிம்பில் விரல் பட்டால் முழங்கை வரை ஒரு நடுக்கம் ஏறும். உளுந்து கழுவிய ஈரம் தரையில் இருந்தால் இன்னும் கூடுதலாக. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “செருப்புப் போட்டுக்கொண்டு அரையுங்கள் அம்மா, ஒன்றும் செய்யாது” என்றார். அடுப்படிக்குள் செருப்போடு போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, அவர் வீட்டிலும் இல்லை. அதைக்கூட விடுங்கள். என் மகள் அப்போது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற வயது. அவளுக்கு வாகாகப் பிடி கிடைத்தது அந்தக் கிரைண்டரின் கால்தான். அவளுக்கும் செருப்புப் போட்டுவிடச் சொன்னாரா என்று இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

கிரைண்டரில் கோளாறு இருக்கலாம் என்று அதை வாங்கிய கடைக்கே கொண்டுபோனோம். அங்கே செருகி ஓடவிட்டால் ஒன்றுமே தெரியவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர். “இயந்திரத்தில் கொஞ்சம் மின்கசிவு இருக்கிறது, சரி செய்து தருகிறேன். ஆனால் எங்கள் கடையில் அடிக்காதது உங்கள் வீட்டில் அடிக்கிறது என்றால் அங்கே எர்த் இல்லை என்று பொருள்” என்றார். கசியும் மின்சாரத்தை நம் உடம்பு வழியாக விடாமல் தரைக்குக் கொண்டுபோகும் வயர்தான் எர்த்.

எலக்ட்ரீஷியன் வந்தார். ஒரு ஹோல்டரில் குண்டு பல்பை மாட்டி, அதன் இரண்டு வயர்களை முதலில் பிளக்கின் கீழ்த் துளைகள் இரண்டிலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரை எடுத்து மேலே இருக்கும் பெரிய துளையில், அதாவது எர்த் துளையில், வைத்தார். எரியவில்லை. போர்டைக் கழற்றிக் காட்டினார். எர்த் முனையில் ஓர் அங்குல நீளத்துக்குப் பச்சை வயர் அழகாகத் திருகப்பட்டிருந்தது. அதன் மறுமுனை எதனோடும் சேரவில்லை, பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தது. சுவருக்குள் வரும் பைப்பில் சிவப்பும் கறுப்பும் மட்டும்தான். பார்ப்பவர் கண்ணை ஏமாற்றவே அந்தத் துண்டைச் சொருகியிருக்கிறார்கள். ஹாலில் டிவி பிளக்கைச் சோதித்தார். அதற்கு எர்த் இருந்தது! நாளெல்லாம் ஈரக்கையோடு ஒருவர் நிற்கிற இடத்துக்கு இல்லை, தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிற பெட்டிக்கு இருக்கிறது. மீட்டர் போர்டிலிருந்து பச்சை வயரை எங்கள் செலவில் இழுத்தோம். வாடகையில் கழித்துக்கொள்ள வீட்டுக்காரர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

எனவே நீங்கள் முதலில் செய்யவேண்டியது இந்தப் பல்புச் சோதனை. நீங்களே செய்யாதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபி, அதாவது மின்கசிவை உணர்ந்து தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், உள்ள வீடாக இருந்தால் எர்த் துளையில் வைத்ததும் அது விழுந்துவிடும். அப்படி விழுவது நல்ல அறிகுறிதான். ஆர்சிசிபி இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியர் அளவில் ஒன்று பொருத்தச் சொல்லுங்கள். “எம்சிபி இருக்கிறதே, போதாதா” என்று சிலர் கேட்பார்கள். போதாது. எம்சிபி என்கிற சுவிட்ச், அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் துண்டித்து வயரைக் காப்பாற்றுவதற்காக இருப்பது. 16 ஆம்பியர் தாண்டும்வரை அது அசையாது. மனித உயிர் போவதற்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம்.

இப்போது உங்கள் மூன்று சாதனங்கள். வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும், இதற்குப் பொறியியல் படிப்பு வேண்டாம். 2000 வாட் இன்டக்ஷன் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். மைக்ரோவேவின் முகப்பில் 700 வாட் என்று போட்டிருப்பது உணவுக்குள் போகிற சக்தி. பின்பக்கத் தகட்டைப் பாருங்கள், 1100, 1200 என்று இருக்கும். அதாவது சுமார் ஐந்து ஆம்பியர். வீட்டுக் கிரைண்டர் 150 வாட் அளவில் இருப்பதால் ஒரு ஆம்பியருக்கும் குறைவு. வீடுகளில் புழங்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் துளைகள் 6 ஆம்பியருக்கானவை, அதாவது 1380 வாட். இன்டக்ஷன் ஒன்று மட்டுமே அதைத் தாண்டிவிடுகிறது. பெரிய பின்னைச் சின்னத் துளையில் செருக கன்வெர்ட்டர் என்று ஒன்று விற்கிறார்கள். அது பின்னின் அளவை மாற்றுகிறதே ஒழிய, உள்ளே இருக்கும் மெல்லிய வயரைத் தடிமனாக்குவதில்லை.

“நான் குறைந்த சூட்டில்தான் வைப்பேன்” என்பதும் உதவாது. விலை குறைந்த இன்டக்ஷன் அடுப்புகள் பலவற்றில் 400 வாட் என்று அழுத்தினால், அது தொடர்ந்து 400 வாட்டில் எரிவதில்லை. அதிக வாட்டில் சில நொடி எரிந்து, சில நொடி அணைந்து, மறுபடி எரியும். பால் காய்ச்சும்போது கவனித்தால் பொங்குவதும் அடங்குவதுமாகத் தெரியும். எரிகிற ஒவ்வொரு முறையும் வயரில் அதிக மின்னோட்டம்தான் போகிறது.

பிறகு திருச்சியில் சொந்த வீடு கட்டியபோது, பூச்சு வேலைக்கு முன்னால் நானே சாக்கட்டியோடு போய் செங்கல் சுவரில் பிளக் வரவேண்டிய இடங்களைக் குறித்தேன். ஒப்பந்தக்காரர் “அடுப்படிக்கு இத்தனை பாயின்ட் எதற்கு அக்கா, ஹாலில் ஃபால்ஸ் சீலிங் விளக்குக்குச் சேர்த்துக்கொள்ளலாம்” என்றார். நான் விடவில்லை. ஒவ்வொரு 16 ஆம்பியர் பிளக்குக்கும் டிபி பெட்டியிலிருந்து (வீடு முழுக்க மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி. ஃபிரிட்ஜுக்குத் தனி லைன். தொட்டிக்கு மேலே பிளக் கிடையாது. அடுப்புக்கு நேர் பின்னாலும் கிடையாது, எரிகிற பர்னரைத் தாண்டிக் கை நீட்டி சுவிட்ச் போடும் நிலை வரக்கூடாது. காடி எடுத்துப் பைப் பதித்ததும் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பின்னாளில் சிம்னி மாட்ட வந்தவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் துளை போட்டார். அந்தச் சமையலறையைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, மறைக்க விரும்பவில்லை.

“எங்கள் பாட்டி காலத்தில் இதெல்லாமா பார்த்தார்கள்” என்று எழுத யாராவது வருவீர்கள். பாட்டி காலத்து அடுப்படியில் ஒரு 40 வாட் பல்பு இருந்தது, அம்மி கல்லாக இருந்தது. எலக்ட்ரிகல் படித்தவர்கள் வந்து, இரண்டு பிளக்குக்கு ஒரே 4 சதுர மில்லிமீட்டர் லைன் போதும் என்றால் அவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. கணக்குப் பார்த்துச் செய்தால் சரி.

பாட்டி காலம் என்றதும் இன்னொன்று. இப்போதைய அடுக்குமாடிகளில் சாமான் அறையை எங்கே கொண்டுபோய் ஒளித்தார்கள்? நாங்கள் வீடு கட்டும் முன் பார்த்த ஒரு வீட்டிலும் இல்லை. அரிசி மூட்டை, ஊறுகாய்ச் சாடி, டில்டிங் கிரைண்டர் எல்லாம் எங்கே போகும்? படுக்கையறைக்குள் உடை மாற்ற ஓர் அறை தருகிறார்கள், பருப்பு வைக்க இடம் தருவதில்லை. கேட்டால் “மாடுலர் கிச்சனில் எல்லாம் அடங்கிவிடும் மேடம்” என்கிறார்கள். அடங்காது. அடங்கினாலும் அந்த அலமாரிகள் பிளக்கை மறைத்துவிடும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இருக்கிற ஒரு பவர் பிளக்கை இன்டக்ஷனுக்குக் கொடுங்கள். வாங்கும்போது 2000 வாட்தான் வேண்டும் என்பதில்லை, இருவர் மூவர் சமையலுக்கு 1600 வாட்டே தாராளம். காந்தம் ஒட்டாத பாத்திரங்கள் இன்டக்ஷனில் சூடாகாது; அவைதான் வீட்டில் அதிகம் என்றால் இன்ஃப்ராரெட் அடுப்பைப் பாருங்கள். ஆனால் அணைத்த பிறகும் அதன் தட்டு வெகுநேரம் சுடும், குழந்தை இருந்தால் யோசியுங்கள். மைக்ரோவேவை ஹாலிலோ வேறு அறையிலோ 16 ஆம்பியர் பிளக் இருக்கும் இடத்தில் வையுங்கள், சமையலறையில்தான் இருக்கவேண்டும் என்று சட்டமில்லை. இரண்டாவது பவர் பிளக் போட வீட்டுக்காரர் மறுத்தால் செலவைப் பாதியாகப் பகிர்வதாகச் சொல்லிப் பாருங்கள். எர்த் விஷயத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள். அது சரியாகும்வரை கிரைண்டரைச் செருகவேண்டாம், மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.