ஜப்பான் கால்பந்து வீரர் தகேஃபுசா குபோவுக்கு ஏன் இவ்வளவு புகழ்? எல்லாம் விளம்பரம்தானா?

பாதி விளம்பரம்தான். ஆனால் அதனால் குபோவுக்கு விளைந்தது நன்மையைவிடச் சங்கடமே அதிகம் என்பேன்.

2001இல் கவாசாகியில் பிறந்தவர். பத்து வயதிலேயே ஸ்பெயினின் பார்சிலோனா கிளப் நடத்தும் லா மாசியா இளையோர் பயிற்சிக்கூடத்தில் இடம் கிடைத்தது. இடதுகால் ஆட்டக்காரர், சிறிய உருவம், காலை விட்டு விலகாத பந்து. பத்திரிகைகளுக்கு இது போதாதா? 'ஜப்பானிய மெஸ்ஸி' என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். பிறகு, 18 வயது நிரம்பாத வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பார்சிலோனாவைத் தண்டிக்க, 2015இல் நாடு திரும்ப வேண்டியதாயிற்று. எஃப்சி டோக்கியோ கிளப்பின் இளையோர் அணிக்காக 15 வயதில் ஜப்பானின் தொழில்முறைத் தொடரான ஜே லீகின் மூன்றாம் பிரிவில் கோல் அடித்தார். 2019 ஜூனில் 18 வயது நிறைந்த சில நாட்களில் தேசிய அணி. அதே மாதம் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப். பெரிதாக எதுவும் சாதிக்கும் முன்பே பெயர் வந்துவிட்டது.

அடுத்த மூன்று ஆண்டுகள், மாட்ரிட் அவரை மற்ற ஸ்பானிய அணிகளுக்கு ஆடக் கொடுத்த இரவல் வாழ்க்கை: மயோர்கா, வில்லாரியல், கெட்டாஃபே, மறுபடியும் மயோர்கா. சட்டை விற்கத்தான் வாங்கினார்கள் என்று கேலி செய்தவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் வீரர்களில் மூன்று பேரைத்தான் ஒரு ஸ்பானிய அணி பதிவு செய்ய முடியும். மாட்ரிட்டில் அந்த இடங்கள் வினீசியஸ், ரொட்ரிகோ, மிலிட்டாவோ ஆகிய மூன்று பிரேசில்காரர்களிடம் இருந்தன.

2022இல் ரியல் சோசியெடாட் என்ற இன்னொரு ஸ்பானிய அணிக்குப் போன பிறகுதான் புகழுக்கு ஏற்ற ஆட்டம் வந்தது. முதல் சீசனில் லீகில் 9 கோல்கள். அவர் கோல் அடித்த ஒன்பது ஆட்டங்களிலும் அணிக்கு வெற்றி. நான்காம் இடம் பிடித்து, ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீகுக்கும் போனார்கள். வலது ஓரத்தில் பந்தை வாங்கி, எதிராளியை நேருக்கு நேர் அழைத்து, சட்டென்று உள்பக்கம் திரும்புவார். அப்படித்தான் திரும்புவார் என்று தெரிந்தும் தடுப்பவர் ஏமாறுகிறார்! சிறுவயதிலிருந்தே ஸ்பானிய மொழி சரளம் என்பதால் அங்குள்ள ரசிகர்களிடமும் எளிதில் ஒட்டிக்கொண்டார். அந்த அணியின் ஆட்டம் பகல் 2 மணிக்கு வைக்கப்பட்டால் டோக்கியோவில் இரவு 9 அல்லது 10 மணி. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். நமக்கும் மாலையிலேயே வாய்க்கிறது, அது தனி லாபம்.

குறைகளும் உண்டு. அடுத்த சீசனில் கோல்கள் 7ஆகக் குறைந்தன. தேசிய அணியில் அவரை நாயகன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் கோல் அடித்தார், உண்மைதான். ஆனால் 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் ஜப்பான் வீழ்த்தியபோது, இரண்டு ஆட்டங்களிலும் இடைவேளையில் அவரை வெளியே எடுத்த பிறகுதான் ஜப்பானின் கோல்கள் விழுந்தன.

ஒரே ஓர் ஆட்டம் பார்த்து முடிவு செய்ய விரும்பினால், 2023 மே மாதம் தன் பழைய முதலாளியான ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக அவர் கோல் அடித்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். சோசியெடாட் 2-0 என்று வென்றது.