இரண்டு கிழமைப் பள்ளிக்கு இத்தாலி வரை போவதா?

கேள்வி: நான் பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் முடித்து, இங்கேயே பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கிறேன். சூரியக் கலங்களுக்கான மென்படலங்களில் ஆராய்ச்சி. இத்தாலியின் திரியெஸ்த் நகரில் ஐசிடிபி என்ற சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையம் நடத்தும் இரண்டு கிழமைக் கோடைகாலப் பள்ளிக்கு விண்ணப்பிக்க ஆசை. கட்டணம் இல்லை, பயணச் செலவுக்கும் உதவி கேட்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். சும்மா ஏன் தருகிறார்கள் என்பதுதான் சந்தேகம். துறையில் மூத்தவர் ஒருவர், "இரண்டு கிழமையில் என்னத்தைப் படிக்கப் போகிறாய், நேரே பிஎச்டிக்குப் போடு" என்கிறார். என் ஆங்கிலம் சரளமில்லை. அம்மா தனியாக அனுப்பப் பயப்படுகிறார். என்ன செய்யட்டும் அக்கா?
பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்: தங்கச்சி, விண்ணப்பத்தைப் போடும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

சும்மா ஏன் தருகிறார்கள் என்று கேட்டது நல்லது. வெளிநாடு என்றால் ஏஜென்சிக்காரனுக்கு எத்தனை லட்சம் என்று கேட்டே பழகிய ஊரில், காசு வேண்டாம் என்பவனைச் சந்தேகப்படத்தான் வேண்டும். ஐசிடிபி விடயத்தில் அதற்கான பதில் லாகூரில் இருக்கிறது. பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் கேம்பிரிட்ஜில் படித்துப் பெயரெடுத்துவிட்டு 1951இல் பாகிஸ்தானுக்குத் திரும்பி, லாகூர் அரசினர் கல்லூரியில் கணிதம் படிப்பிக்கச் சேர்ந்தார். தன் துறையைப் பற்றிப் பேச அங்கே ஒரு ஆள் இல்லை. ஆராய்ச்சியை அவரிடம் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பாடம் போக மிச்ச நேரத்துக்கு விடுதிப் பொறுப்பு, கணக்கு வழக்கு, உதைபந்தாட்டக் கழகம் மூன்றில் ஒன்றை எடுக்கும்படி அதிபர் சொன்னாராம். சலாம் உதைபந்தாட்டத்தை எடுத்தார். 1954இல் கேம்பிரிட்ஜுக்கே திரும்பிவிட்டார்.

அவர் போனாரே தவிர அந்தக் கவலை அவரை விட்டுப் போகவில்லை. ஊரில் இருக்க வேண்டுமென்றால் பௌதிகவியலை விட வேண்டும், பௌதிகவியல் வேண்டுமென்றால் ஊரை விட வேண்டும் என்ற நிலைக்கு ஒரு வழி பண்ணத்தான் 1964இல் திரியெஸ்தில் அந்த நிலையத்தைத் தொடங்கினார். வசதி குறைந்த நாட்டு விஞ்ஞானி இடைக்கிடை வந்து, ஆட்களைச் சந்தித்து, புதியதைப் படித்துக்கொண்டு, மறுபடி தன் ஊரில் போய் வேலை செய்யட்டும் என்பது ஏற்பாடு. செலவின் பெரும்பங்கை இத்தாலிய அரசு தருகிறது. யுனெஸ்கோவும் சர்வதேச அணுசக்தி முகவரகமும் கூட நிற்கின்றன. சலாம் 1979இல் நோபல் பரிசு பெற்றார். அவர் காலமான பிறகு, 1997இல், நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆகவே இதில் ஒளித்துவைத்த விலை ஏதும் இல்லை. உம்மைப் போன்றவர்களுக்காகவே கட்டிய இடம்.

பயணக் காசு மட்டும் எல்லோருக்கும் கிடைக்காது. விண்ணப்பத்திலேயே அதைக் கேட்க இடம் இருக்கும். வெட்கப்படாமல் கேளும். கேட்காதவருக்குத் தேடி வந்து தரமாட்டார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று தொடங்கி, உமக்குச் சம்பந்தமே இல்லாத மாநாட்டுக்கு அழைத்து, பதிவுக்கு நானூறு டொலர் கேட்கும் மின்னஞ்சல்களும் இனி உமக்கு வரும். அவை வேறு சாதி. ஒரு பள்ளி நம்பகமானதா என்று பார்க்க, விரிவுரையாளர் பட்டியலில் உள்ள இரண்டு மூன்று பேரின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர்கள் அப்படியொரு பள்ளியைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாரும். விரிவுரையாளரிடம் கேட்காமலே அவர் பெயரைப் போட்டுவிடுகிற கூட்டம் அங்கே அகப்படும்.

இனி உம்முடைய மூத்தவரின் கேள்வி. இரண்டு கிழமையில் படித்து முடிக்க முடியாது என்பதில் அவர் சொல்வது சரி. விரிவுரைகளில் பெரும்பகுதியை ஐசிடிபியே யூடியூப்பில் போட்டுவிடுகிறது. அதை மட்டும் கேட்பதற்கு விமானம் ஏற வேண்டாம், கொக்குவில் வீட்டுத் திண்ணை போதும். அப்படியென்றால் ஏன் போவது? உம்முடைய மென்படலத்தைப் பற்றிக் கேட்டதும் "அனீலிங் (சூடாக்கிப் பதப்படுத்தல்) எத்தனை பாகை?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய ஆட்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர்? கையில் எண்ணிவிடலாம், அவர்களும் உம்முடைய துறைக்குள்ளேயே இருப்பவர்கள். அங்கே மத்தியானச் சாப்பாட்டு மேசையில் நைஜீரியாவிலிருந்து ஒருவர், வியட்நாமிலிருந்து ஒருவர், நேபாளத்திலிருந்து ஒருவர் இருப்பார்கள். அவர்களுடைய ஆய்வுகூடத்திலும் வெற்றிடப் பம்பி பழுதாகிக் கிடக்கும், திருத்த ஆள் இல்லாமல். அவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பது எந்த யூடியூப்பிலும் இல்லை. பெரிய பேராசிரியர்களோடு படம் எடுப்பதை விட இந்தப் பழக்கம்தான் பிறகு உதவும் என்பது என் அபிப்பிராயம். கட்டுரை எழுதும்போது, கருவி நேரம் கடன் கேட்கும்போது, மாதிரி ஒன்றை அனுப்பி அளந்துதரச் சொல்லும்போது அந்த ஆட்களில் ஒருவர்தான் பதில் போடுவார்.

1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரமே இல்லாத வருடங்களில் விஞ்ஞானம் படிப்பித்தவர்களைக் கேட்டுப் பாரும். சஞ்சிகை வராததைவிட, வாசித்ததை யாரோடாவது பேச முடியாமல் போனதுதான் பெரிய கஷ்டம் என்பார்கள். நம்மவரான கணிதவியலாளர் சி.ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் குவாண்டம் பௌதிகத்தின் முன்னோடிகளில் ஒருவரான டிராக்கிடம் படித்து, திரும்பி வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்து, பிறகு மலாயாவுக்கும் அங்கிருந்து மெல்பேர்ணுக்கும் போனவர். அந்தத் தலைமுறைக்குத் திரியெஸ்த் போன்ற ஓர் இடம் இருக்கவில்லை. (அந்த டிராக்கின் பெயரில்தான் ஐசிடிபி ஒவ்வொரு வருடமும் ஒரு பதக்கம் தருகிறது. அறிவிப்பது அவருடைய பிறந்தநாளான ஓகஸ்ட் 8ஆம் திகதி.)

எந்தப் பள்ளி என்பதில்தான் நீர் கவனமாக இருக்க வேண்டும். சரக் கோட்பாட்டு (ஸ்ட்ரிங் தியரி) பள்ளியின் பெயர் கவர்ச்சியாக இருக்கும், உமக்கு அதில் வேலையில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் கையில் மிஞ்சுவது எது என்று பாரும். உதாரணமாக, பொருள்களின் இலத்திரன் அமைப்பைக் கணிக்கும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற மென்பொருள் பெரும்பாலும் திரியெஸ்திலேயே வளர்ந்தது. இலவசம், மூலநிரலும் திறந்தது. அதைப் பழக்கும் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்தால், நீர் செய்யும் படலத்தின் ஆற்றல் இடைவெளியை (பாண்ட் கேப்) நீரே கணித்துப் பார்த்து, அளந்த பெறுமானத்தோடு ஒப்பிடலாம். சிறிய கணிப்புகளுக்கு ஒரு நல்ல மடிக்கணினி போதும். பல கோடி ரூபாய்க் கருவியைப் பழகிவிட்டு வந்தால், அது இல்லாத இடத்தில் அந்தப் பழக்கத்தை வைத்து என்ன செய்வது?

விண்ணப்பத்தில் "சிறுவயது முதலே பிரபஞ்சத்தின் மீது தீராத ஆர்வம்" என்று எழுத வேண்டாம். தெரிவு செய்பவர் அதை ஏற்கெனவே நூறு தடவை வாசித்திருப்பார். நீர் என்ன செய்கிறீர், எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறீர், இந்தப் பள்ளியின் எந்தப் பகுதி அந்தச் சிக்கலைத் தீர்க்கும், திரும்பி வந்து யாருக்குப் படிப்பிப்பீர், இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள். சின்ன ஆய்வுகூடம் என்பதை மறைக்கவும் வேண்டாம். இருக்கிற கருவியை வைத்து என்ன செய்தீர் என்பது தெரிந்தால் போதும். பரிந்துரைக் கடிதத்தை அந்த மூத்தவரிடமே கேளும். உம்முடைய வேலையை நேரில் பார்த்தவர் அவர்தானே. கடைசி நாள் பின்னேரம் போய் நிற்காமல், உம்முடைய சுயவிபரக் கோவையோடு இரண்டு கிழமை முன்னதாகவே கொடுத்துவிடும்.

அவர் சொல்லும் பிஎச்டியும் இதற்கு எதிரானது இல்லை. ஐசிடிபியிலேயே 1991 முதல் ஒரு வருட டிப்ளோமா நடக்கிறது. பட்டம் முடித்தவர்களைப் பிஎச்டிக்குத் தயார்படுத்துவது அதன் வேலை. கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. கோடைப் பள்ளிக்குப் போய் வந்தால் அது உமக்குப் பொருந்துமா என்று நேரில் தெரியும். அப்புறம், நிரந்தர வேலையோடு இங்கேயே இருந்துகொண்டு சில வருட இடைவெளியில் திரியெஸ்த் போய்வர அசோசியேட் திட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. அது நிலையத்தோடு கூடவே பிறந்தது. என்னைக் கேட்டால் அங்கே நடப்பதில் அதுதான் அருமையான திட்டம். ஆனால் உமக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இந்த முறை கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். பெங்களூரில் ஐசிடிஎஸ் என்ற ஆராய்ச்சி நிலையம் வருடம் முழுவதும் பள்ளிகள் நடத்துகிறது. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறினால், கொழும்புக்குப் போகிற நேரம் கூட ஆகாது. உம்முடைய மாணவர்களில் யாராவது துகள் பௌதிகம் என்று துடித்தால், பட்டம் முடிக்க முன்னரே ஜெனீவாவிலுள்ள துகள் பௌதிக ஆய்வு நிலையமான சேர்னின் கோடை மாணவர் திட்டத்தைப் பார்க்கச் சொல்லும். உறுப்பு நாடு இல்லாத நாட்டவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

ஆங்கிலத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. அங்கே வருபவர்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தை வேறு மொழியில் நினைத்துத்தான் பேசுவார்கள். உம்முடைய வேலையை மூன்று நிமிடத்தில் சொல்லப் பழகும். கரும்பலகை பக்கத்தில் இருந்தால் படம் போட்டுக் காட்டும்.

விசா விடயம்தான் உண்மையில் தலையிடி. இத்தாலி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது போட்டாக வேண்டும். ஆனால் அந்தப் பதினைந்தை நம்ப வேண்டாம். தெரிவுக் கடிதம் வந்த அன்றே நேரம் பதியும். கைரேகை கொடுக்க நீரே கொழும்புக்குப் போக வேண்டும், ஆகவே ஒரு இரவு பஸ். குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான பயணக் காப்புறுதி கட்டாயம். பலருக்குத் தெரியாத ஒரு விடயம்: படிப்புக்காகப் போகும் மாணவர்களுக்கும், அறிவியல் கருத்தரங்குக்குப் போகும் ஆராய்ச்சியாளர்களுக்கும் விசாக் கட்டணத்தில் விலக்கு ஐரோப்பிய ஒன்றிய விதியிலேயே இருக்கிறது. கேட்டுப் பாரும். விண்ணப்பத்தை வாங்கும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் மட்டும் வேறு. யாழ்ப்பாணத்து இளம் பெயர் என்றால் போய் நின்றுவிடுவார்களோ என்ற பார்வை அந்த மேசையில் இருக்கும், மறைத்துப் பேசிப் பயனில்லை. திரும்பி வந்து வேலையில் சேர வேண்டும் என்று பல்கலைக்கழகம் தரும் விடுமுறைக் கடிதம், ஐசிடிபியின் அழைப்பு, செலவை அவர்கள் ஏற்கும் கடிதம் மூன்றும் ஒன்றாக இருந்தால் அந்தப் பார்வைக்கு அதுவே பதில்.

அம்மாவிடம் "உலகப் புகழ்பெற்ற நிலையம்" என்றெல்லாம் சொல்லி ஆறுதல் வராது. அவருக்குத் தெரிய வேண்டியது நீர் எங்கே படுப்பீர், யார் பொறுப்பு, என்ன சாப்பிடுவீர். நிலையம் நகரத்துக்கு வெளியே, மிராமரேயில், கடற்கரையோரம் இருக்கிறது. அவர்களுடைய சொந்த விருந்தினர் விடுதிகள் அங்கேயே உண்டு, இரவில் தெரியாத ஊரில் அறை தேட வேண்டியதில்லை. முன்பு போய்வந்த பெண் விரிவுரையாளர் யாராவது கொழும்பிலோ பேராதனையிலோ இருப்பார். உம்முடைய துறையில் கேட்டால் தொலைபேசி இலக்கம் கிடைக்கும். அவரை அம்மாவோடு கதைக்க வையும், நீர் பக்கத்தில் நிற்க வேண்டாம். மரக்கறிச் சாப்பாடு என்றால் பாஸ்தாவும் சீஸும் தினமும் கிடைக்கும், மூன்றாம் நாள் அலுத்துவிடும். மிளகாய்த்தூள் ஒரு சின்னப் போத்தல் கட்டித் தர அம்மாவிடம் சொல்லும், அதைப் பெரிய பையில் வையும். கடவுச்சீட்டு முடிய எவ்வளவு காலம் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாரும். திரும்பி வந்த நாளிலிருந்து மூன்று மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.