லண்டன் பெடியனும் கஸ்டம்ஸ் காசும்

கேள்வி: அக்கா, நான் கிளிநொச்சி. டிண்டர் எண்ட டேட்டிங் ஆப்பில லண்டன் பெடியன் ஒராள் மூண்டு மாசமா கதைக்கிறார், வீடியோ கோல் எண்டா கமரா பழுதாம். இப்ப எனக்கு அனுப்பின பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குதாம், ஆரோ ஒராளின்ர வங்கிக் கணக்கில 45,000 ரூபா போடட்டாம். போடவோ?

பதில்: ஒரு சதமும் போடாதீங்கோ தங்கச்சி. கஸ்டம்ஸ் வரியை தனியாளின்ர கணக்கில ஆரும் கட்டுறேல்ல, பார்சலே இருக்காது, இண்டைக்கு போட்டா நாளைக்கு இன்னொரு பீஸ் எண்டு வரும். அவற்ற படத்தை படத்தை வச்சுத் தேடுற கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்கோ, வேற பேரில வந்தா கதை முடிஞ்சுது (மூண்டு மாசமா பழுதான கமராவை லண்டன்ல திருத்த ஆளில்லையோ!). அவரோட கதைச்ச மெசேஜுகளை அழிக்காம ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ, பிறகு ஆப்பில ரிப்போர்ட் பண்ணி புளொக் பண்ணுங்கோ. உங்கட படத்தைக் காட்டி மிரட்டினா 1938க்கு அடியுங்கோ, அது பெண்களுக்கான உதவி இலக்கம்.

ஆப் பாவிக்கிறது பிழையில்ல. ஆனா எங்கட ஊரில ஆளுக்காள் தெரியும், வேலையிடம், வீட்டுப் படலை தெரியிற படம் போடாதீங்கோ. சந்திக்கிறதெண்டா பகலில, டவுன் கூல்பாரில, சிநேகிதிக்குச் சொல்லிப்போட்டு, உங்கட ஸ்கூட்டியிலயே போங்கோ.