வாசகர் கேள்வி: ஆண்டின் நடுவில் வந்து சேரும் பிள்ளைகள்

கேள்வி: ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அரசு தொடக்கப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். முன்பு அங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள்தான் இருந்தார்கள். இப்போது பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் தீபாவளிக்குப் பிறகுகூட வந்து சேர்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்த்துக்கொள்வது முறைதானா? இதனால் என் மகளின் படிப்பு பின்தங்காதா?
– ஒரு தாய், ஓசூர்

பதில்: முறைதான், அம்மா. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்றோ, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றோ, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றோ தொடக்கக் கல்விக்கு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்றும் அதே சட்டம் தனியாகச் சொல்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அத்தனை எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையோரப் பள்ளிகளுக்குப் பல மொழிகள் புதியவை அல்ல. தெலுங்கு வழியிலும் கன்னட வழியிலும் பாடம் நடத்தும் அரசுப் பள்ளிகள் அங்கே நெடுங்காலமாக உண்டு. ஆனால் வீட்டில் தெலுங்கு பேசும் ஓசூர்ப் பிள்ளை, பள்ளிக்கு வருமுன்பே தெருவிலும் கடையிலும் தமிழைக் காதில் வாங்கியிருக்கும். தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து நேரே வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கோ, பல நேரங்களில் ஆசிரியரின் குரல்தான் முதல் தமிழ். இந்தி எழுதப் பழகிய பிள்ளைக்கு ‘க’ ஒலிக்கு நான்கு எழுத்துகள் தெரியும். தமிழிலோ ஒரே எழுத்து ‘காகம்’ என்ற சொல்லின் தொடக்கத்தில் ஒரு விதமாகவும் நடுவில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. அந்தப் பிள்ளை தடுமாறுவதை மந்தம் என்று எடுத்துக்கொள்வது தவறு.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் வகுப்பைக் கொண்டல்லாமல் கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். புதிதாக வந்த பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்து அறிமுகத்திலிருந்து அரும்பு நிலையில் தொடங்கலாம். உங்கள் மகள் மலர் நிலையில் இருந்தால் அவளுக்கான பயிற்சி தனியாக நடக்கும். ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடு. ஒரே ஆசிரியை மூன்று வகுப்புகளையும் மூன்று நிலைகளையும் சேர்த்துப் பார்க்கும் அறையில் இது எந்த அளவுக்கு நடக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

என் பார்வையில், உங்கள் பள்ளியின் சிக்கல் வந்த பிள்ளைகளால் அல்ல, கணக்கெடுக்கும் நாளால் வருகிறது. ஆசிரியர் பணியிடங்கள் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கப்படுகின்றன. நவம்பரில் சேரும் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர் என்பது சட்டத்தின் அளவு. ஆகஸ்டில் 58 பேர் இருந்த பள்ளியில் பொங்கலுக்குள் 75 பேர் ஆகிவிட்டால், மூன்றாவது ஆசிரியர் அந்த ஆண்டு வருவது கடினம். சுமை முழுவதும் இருக்கிற இருவர் மேல் விழுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் புதிய பிள்ளைகளை முறைப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே உங்கள் கோரிக்கையைச் சரியான இடத்தில் வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப்பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் தமிழ் எழுத்து அறியாதவர்கள் எத்தனை பேர் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, அந்த எண்ணிக்கையோடு தீர்மானம் நிறைவேற்றி வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுக்கச் செய்யுங்கள். இதுவரை பள்ளிக்கே போகாமல் வயதுக்கேற்ற வகுப்பில் நேரடியாகச் சேர்ந்த பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பதையும், தேவைப்பட்டால் அதை இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம் என்பதையும் அந்தத் தீர்மானத்திலேயே குறிப்பிடுங்கள்.