அப்பாவின் முழங்காலுக்கு உலு பெண்டுல் பாதைதான் நல்லது

வணக்கம் தம்பி. முழங்கால் வலியுள்ள அப்பாவோடு பகாவிலிருந்து போய், மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள 825 மீட்டர் அங்சி மலையை ஏறி ஒரே நாளில் திரும்ப எந்தப் பாதை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

புக்கிட் புத்துஸ் பக்கமிருந்து ஏறும் பாதையில் போகவே வேண்டாம். தூரம் குறைவுதான், ஆனால் செங்குத்து. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். பல வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டித் தேய்ந்த கால் என்கிறீர்கள், அதை வதைக்கக் கூடாது. உலு பெண்டுல் பாதை நீளம். ஆனாலும் தொடக்கத்தில் ஓடையை ஒட்டிப் போவதால் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம்.

விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். பிற்பகலில் இடி மழை வரும், அதனால் நண்பகலுக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிடுங்கள். கம்பு, நீளக் காலுறை அவசியம், இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும். அப்புறம், வன இலாகா அனுமதியை முன்பே விசாரியுங்கள். அப்பாவை முன்னால் விட்டு, அவர் வேகத்திலேயே பின்னால் போங்கள்.