விதைப்பையில் இருக்கும் கட்டத்தை நம்பலாமா?

கேள்வி: சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு வயலில் உளுந்து தெளிப்போம். போன தையில் கடையில் வாங்கிய விதையில் பாதி முளைக்கவில்லை. இந்த வருடம், "பையில் இருக்கும் கியூஆர் கட்டத்தைப் போனில் பாருங்கள், நல்ல விதைதான்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: பாருங்கள் அம்மா, பார்ப்பது நல்லது. 2023-ல் மத்திய அரசு தொடங்கிய 'சாத்தி' தளம் இதற்காகத்தான் வந்தது. விதை எங்கே உற்பத்தியானது, யார் சான்று கொடுத்தார்கள் என்பது தெரியும். நீல நிறச் சான்றட்டையில் உள்ள குவியல் எண்ணும் (லாட் நம்பர்) போனில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பை கடையின் தகரக் கூரைக்கடியில் இரண்டு மாதம் வெந்ததா என்பது போனுக்குத் தெரியாது. இருபது வருடம் விதைக்கடை நடத்தியவன் சொல்கிறேன், உளுந்து கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

அதனால் நூறு விதையை எண்ணி எடுங்கள். ஈரத்துணியில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி காயக் கூடாது. ஏழாம் நாள் பிரித்தால் 75 விதையாவது நன்றாக முளைத்திருக்க வேண்டும். சான்று விதைக்கு அதுதான் அளவு. பிரித்த துணியைப் படமெடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முளைப்பு நன்றாக இருந்தாலும் அனுப்புங்கள், அவருக்கும் தெரியட்டும்.

அப்புறம், குவியல் எண் எழுதிய ரசீது இல்லாமல் பையைத் தூக்காதீர்கள். விதை ஆய்வாளரிடம் போனால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.